காரணம் புலப்படாத குழந்தையின்மையில் நோய் எதிர்ப்புச் சோதனைகள்: கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே உள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராகப் பணியாற்றுகிறேன். இங்கே பதிவாகும் தம்பதியரை நான் முதலில் பார்த்தது 2023 பிப்ரவரியில். அவர்களது இசைவோடும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியும் இதை எழுதுகிறேன்.

மனைவிக்கு அப்போது வயது 31, கணவருக்கு 36. திருமணம் நடந்தது 2018 ஜனவரியில். கணவர் வளைகுடா நாடொன்றில் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். மனைவி மாமியாரோடு ஊரில் இருந்து வீட்டிலேயே தையல் வேலை செய்துவந்தார். மாதவிடாய் 28 முதல் 30 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்தது. வலியோ மிகுந்த இரத்தப்போக்கோ இல்லை. ஒருமுறைகூடக் கரு தங்கியதில்லை. கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் “விசேஷம் உண்டுமா?” என்று கேட்பவர்களுக்கு அஞ்சி, மூன்று ஆண்டுகளாக அவர் எந்த வீட்டுச் சடங்குக்கும் போகாமல் இருந்தார் என்பதை வெகு பின்னாளில்தான் அறிந்தேன்.

கோப்பில் இருந்தவை

அவர்கள் கொண்டுவந்த கோப்பு கனமாக இருந்தது. 2022 ஆகஸ்டில், கணவர் விடுமுறையில் வந்திருந்தபோது, வெளியூரில் உள்ள ஒரு குழந்தைப்பேறு சிகிச்சை மையத்தில் அடிப்படைச் சோதனைகள் எல்லாம் நடந்திருந்தன. கருப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே படத்தில் கருக்குழாய்கள் இரண்டும் திறந்திருந்தன. மாதவிடாய்ச் சுற்றின் 21ஆம் நாள் புரொஜெஸ்டிரோன் 12 என இருந்ததால் கருமுட்டை வெளிப்படுவது உறுதியாகியிருந்தது. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். 2.4. கணவரின் விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 3.8 கோடி உயிரணுக்கள் இருந்தன. அவற்றில் நூற்றுக்கு 52 அசைவுள்ளவை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின் கீழ் எல்லைகள் முறையே 1.6 கோடியும் 42ம் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு மட்டும் 4.9 என இருந்தது. ஆய்வகத்தின் எல்லைக்குள் இருந்ததால் அதை யாரும் வட்டமிடவில்லை.

இவற்றை வைத்து “காரணம் புலப்படாத குழந்தையின்மை” என்று எழுதியிருந்தார்கள். அடுத்த படியாக நோய் எதிர்ப்புச் சோதனைகள் எடுக்கப்பட்டன. இரத்தத்தில் என்.கே. செல்கள், அதாவது இயற்கைக் கொல்லி அணுக்கள், நூற்றுக்கு 18 என்றும், 12க்கு மேல் இருந்தால் உயர்வு என்றும் அறிக்கை சொன்னது. உடலின் சொந்த அணுக்களை எதிர்க்கும் ஏ.என்.ஏ. எதிர்ப்பொருள் 1:80 அளவில் நேர்மறை. கரு கலைவதோடு தொடர்புடைய ஆன்டிபாஸ்போலிப்பிட் வகையைச் சேர்ந்த ஆன்டிகார்டியோலிபின் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் 14 அலகு, “பலவீனமான நேர்மறை”. இந்த மூன்றையும் சேர்த்து, கருவை உடலே நிராகரிக்கிறது என்ற முடிவு எழுதப்பட்டு, 2023 ஜனவரியில் நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் தினமும் 10 மில்லிகிராம் தொடங்கப்பட்டிருந்தது. சோயா எண்ணெயும் முட்டையின் பாஸ்போலிப்பிடும் கலந்த பால் போன்ற இன்ட்ராலிப்பிட் கரைசல் இருமுறை நரம்பு வழியாக ஏற்றப்பட்டிருந்தது. கணவரின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகச் செலுத்துவதும், அதன் பின் சோதனைக்குழாய்க் குழந்தை முறையான ஐ.வி.எஃப். செய்வதும் அடுத்த திட்டம். அதற்கான தொகைக்கு நகையை அடகு வைத்தும் போதாமல், வீட்டை ஒட்டிய ரப்பர் தோட்டத்தை விற்கலாமா என்ற பேச்சு எழுந்தபோதுதான் இன்னொரு கருத்தைக் கேட்க என்னிடம் வந்தார்கள்.

முதல் சந்திப்பும் அதில் நான் தவறியதும்

அன்று புறநோயாளிகள் கூட்டம் மிகுதி. நான் கோப்பைப் படித்தேன். எதிரே இருந்தவர்களைப் படிக்கவில்லை. என்.கே. அறிக்கையைக் கையில் எடுத்து, இதற்கு மதிப்பில்லை, இதை வைத்துச் செய்யும் சிகிச்சைக்கும் ஆதாரமில்லை என்று பத்து நிமிடம் பேசினேன்.

சொன்ன செய்தி சரியானதே. இரத்தத்தில் ஓடும் என்.கே. செல்களும் கருப்பையின் உட்சுவரில் இருப்பவையும் ஒரே பெயரைத் தாங்கினாலும் ஒன்றல்ல. அவற்றின் மேற்பரப்பு அடையாளங்கள் வேறு, செய்யும் வேலையும் வேறு. கருவுற்ற தொடக்க வாரங்களில் கருப்பை உட்சுவரில் உள்ள வெள்ளணுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 இந்த வகைதான். அவை கருவைக் கொல்வதில்லை. தாயின் சுருள் தமனிகள் அகன்று நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் பாய வழிசெய்வதில் பங்கேற்கின்றன. முன் அறிமுகம் இல்லாமலே புற்றணுக்களை அழிக்கும் திறனை வைத்து 1970களில் இரத்த அணுக்களுக்கு இட்ட பெயர் அது. கருப்பையில் இருப்பவற்றுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மேலும், நல்ல உடல்நலம் உள்ளவர்களின் இரத்தத்திலேயே இவை நூற்றுக்கு 5 முதல் 29 வரை வேறுபடும் என்பதால் 12 என்ற எல்லைக்கோட்டுக்கு அடிப்படை இல்லை. இரத்தம் எடுத்த நேரம், உடலுழைப்பு, மன அழுத்தம் ஆகியவற்றாலும் எண் மாறும். ஏ.என்.ஏ. 1:80 என்பது நலமாக இருக்கும் நூறு பேரில் ஏறத்தாழ 13 பேரிடம் காணப்படுவது.

சரியான செய்தியை அன்று தவறான முறையில் சொன்னேன். நகையை அடகு வைத்துச் செய்த சிகிச்சையை ஒரு மருத்துவர் வந்த நாளிலேயே பயனற்றது என்றால், கேட்பவர் தாம் ஏமாந்ததாகவே உணர்வார். கணவரின் முகம் இறுகியது. மனைவி எழுந்து போகும்முன் ஒன்றே ஒன்று கேட்டார்: “என் ஒடம்பே பிள்ளையக் கொல்லுதா டாக்டர்?” இல்லை என்று சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி எத்தனை மாதமாக அவருக்குள் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் அன்று நடந்தது. பிரெட்னிசோலோனை எப்படிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது என்று எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாள் வருவார்கள், அப்போது எழுதலாம் என்று எண்ணியிருந்தேன். அவர்கள் வரவில்லை.

மே மாதம்: கடவுச்சீட்டை வைத்துப் போட்ட கணக்கு

மே மாத இறுதியில் மனைவி மாமியாரோடு வந்தார். கணவர் ஏப்ரல் தொடக்கத்திலேயே வேலைக்குத் திரும்பியிருந்தார். பணம் சேராததால் ஐ.வி.எஃப். நடக்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதித் தராததால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி, ஏறத்தாழ ஐந்து மாதமாகத் தொடர்ந்து சாப்பிட்டிருந்தார். எடை 58 கிலோவிலிருந்து 64 ஆகியிருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2, இரத்த அழுத்தம் 130/86. முகம் உப்பியிருந்தது. என்னிடம் வந்ததற்கே அந்த உப்பிய முகந்தான் காரணம், குழந்தைக்கான சிகிச்சை அல்ல.

இம்முறை கோப்பைத் திறக்கவில்லை. மாலை கூட்டம் குறைந்த பின் வரச்சொல்லி, திருமண நாளிலிருந்து தொடங்கினோம். கணவர் எப்போதெல்லாம் ஊரில் இருந்தார் என்று கேட்டபோது, மாமியார் மகனுடைய பழைய கடவுச்சீட்டின் நகலை மறுநாள் எடுத்துவந்தார். முத்திரைகளை வைத்துக் கணக்குப் போட்டோம். 2018இல் திருமணத்துக்குப் பின் 48 நாள். 2019இல் 41 நாள். 2020 மார்ச்சில் வெளிநாட்டு விமானங்கள் நின்றுபோனதால் அந்த ஆண்டு வரவே இல்லை. 2021 அக்டோபரில் 55 நாள். 2022 ஆகஸ்டில் 44 நாள். மொத்தம் 188 நாள். ஐந்தாண்டு மணவாழ்வில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது ஆறு மாதத்துக்குச் சற்று மேல்.

கரு உருவாகக்கூடிய காலம் ஒவ்வொரு சுற்றிலும் முட்டை வெளிப்படும் நாளோடு முடியும் ஏறத்தாழ ஆறு நாள் மட்டுமே. அவர் வந்திறங்கிய நாளையும் மனைவியின் சுற்றையும் பொருத்திப் பார்த்தால், உண்மையில் வாய்ப்பிருந்த சுற்றுகள் ஐந்து அல்லது ஆறு. 2022 விடுமுறையில் பாதி நாள் சோதனைகளுக்காக வெளியூரில் கழிந்திருந்தது. ஓராண்டு முறையாகச் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காதபோதுதான் குழந்தையின்மை என்ற சொல்லே பொருந்தும். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் ஆறு மாதத்திலேயே ஆராயத் தொடங்குவது வழக்கம். அந்த வரையறைப்படி இவர்களுக்கு நோயின் பெயரே இன்னும் பொருந்தவில்லை. காரணம் புலப்படவில்லை என்று எழுதியவர்களும், முதல் நாளில் நானும், “எத்தனை வருடம்?” என்று மட்டுமே கேட்டிருந்தோம். வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து வேலைக்குப் போகும் இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வி போதாது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2023 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கணவர் 60 நாள் இருந்தாரே என்று கேட்டேன். மனைவி தலைகுனிந்தார். மாமியாரைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன பிறகு சொன்னார்: அந்த 60 நாளும் கரு நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். நின்றால் அந்த அணுக்கள் அதைக் கொன்றுவிடும், தெரிந்தே ஒரு உயிரைச் சாகக் கொடுப்பதா என்ற பயம். எந்த மருத்துவரும் அப்படி அவர்களிடம் சொல்லவில்லை. அறிக்கையில் இருந்த பெயரே அதைச் சொல்லிவிட்டது. இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

எந்தச் சோதனை, ஏன்

நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் கருத்தரிப்புக்கும் தொடர்பே இல்லை என்பது என் கருத்தல்ல. தந்தையின் மரபுக்கூறுகளையும் சுமக்கும் கருவைத் தாயின் உடல் ஏன் அந்நியம் என்று ஒதுக்குவதில்லை என்ற கேள்வியைப் பீட்டர் மெடவார் 1953இல் எழுப்பினார். அதற்கான விடைகள் இன்றும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. நான் பிரித்துப் பார்க்க முயன்றது, சோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றக்கூடிய இடங்களையும் மாற்ற முடியாத இடங்களையும்.

முதலாவது தைராய்டு. டி.எஸ்.எச். இம்முறை 6.8, தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் மிக உயர்ந்திருந்தது. இதுவே இவரிடம் உறுதியாகக் கண்ட ஒரே தன்னெதிர்ப்பு நிலை; அது பத்து மாதத்துக்கு முன்பே 4.9 என்ற எண்ணில் தலைகாட்டியிருந்தது. இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். டி.எஸ்.எச். இயல்பாக இருந்து எதிர்ப்பொருள் மட்டும் உள்ள பெண்களுக்கு தைராய்டு மருந்தான லீவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் கொடுத்து நடத்தி, 2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், உயிருடன் பிறக்கும் குழந்தைகளின் அளவு கூடவில்லை. ஆகவே எதிர்ப்பொருளுக்காக மருந்து தருவதில் பயனில்லை, டி.எஸ்.எச். 4ஐத் தாண்டி, கரு வேண்டிக் காத்திருப்பவருக்குத் தருவது வேறு. மரச்சீனிக் கிழங்கு தின்பதால் தைராய்டு வந்ததா என்று மாமியார் கேட்டார். கிழங்கிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட், அயோடின் குறைந்த உணவோடு சேரும்போதுதான் தைராய்டைப் பாதிக்கும். கடல்மீனும் அயோடின் உப்பும் புழங்கும் வீட்டில், தண்ணீரை வடித்து வேகவைத்த கிழங்கைக் குறைசொல்ல வேண்டியதில்லை என்றேன்.

இரண்டாவது ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள். மீண்டும் மீண்டும் கரு கலைபவர்களிடம் இவை உண்மையான காரணமாக இருக்கக்கூடும். அங்கே குறைந்த அளவு ஆஸ்பிரினும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் பயன் தருகின்றன. ஆனால் 2006இல் வகுத்த சிட்னி வரையறை, குறைந்தது 12 வார இடைவெளியில் இருமுறை நேர்மறையாக இருக்க வேண்டும் என்றும், ஆன்டிகார்டியோலிபின் 40 அலகுக்கு மேல் நடுத்தர அல்லது உயர் அளவில் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஒரு காய்ச்சலுக்குப் பின்னும் இது சிறிது உயர்ந்து இறங்கலாம். 14 அலகு என்பது அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை. இருந்தும் திரும்ப எடுத்தேன். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருள் ஆகியவற்றையும் சேர்த்து. மூன்றும் எதிர்மறை. மருத்துவக் காரணத்தைவிட, அந்தத் தாளில் உள்ள “நேர்மறை” என்ற சொல்லை இன்னொரு தாளால் அவர்கள் கண்முன் மாற்றிக் காட்ட வேண்டியிருந்ததே முதன்மைக் காரணம்.

கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோயைப் பார்க்கும் இரத்தச் சோதனையும் எடுத்தேன், ஹீமோகுளோபின் 10.2 என இரும்புச்சத்துக் குறைவு இருந்தது. தென்னிந்தியாவில் அந்நோய் வடக்கைவிட வெகு அரிது, முடிவு எதிர்மறை. என்.கே. செல்லைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கணவர் தொலைபேசியில் கேட்டார். குறைந்திருந்தால் மனம் ஆறும் என்பது அவர் எண்ணம். மறுத்தேன்: கூடியிருந்தால் என்ன செய்வோம்? இரண்டு விடைக்கும் அடுத்த அடி ஒன்றே என்றால் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே நல்லது. அதே ஆண்டில் வெளியான ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளும், காரணம் புலப்படாத நிலையில் இந்தச் சோதனையைப் பரிந்துரைக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் ஸ்டீராய்டு. ஐந்து மாதம் சாப்பிட்ட பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்தினால், உறங்கிக் கிடக்கும் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் மயக்கமும் இரத்த அழுத்தச் சரிவும் நேரலாம். 7.5, 5, 2.5 என எட்டு வாரத்தில் இறக்கி, காலை கார்டிசோல் அளவைப் பார்த்து ஜூலை இறுதியில் நிறுத்தினோம். கூடவே லீவோதைராக்சின் 50 மைக்ரோகிராம், இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம். ஜூலை முடிவில் டி.எஸ்.எச். 2.2.

வெள்ளணு ஊசியை வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கான காரணத்தைக் கணவரிடம் விரிவாகப் பேசினேன். அது அவருடைய இரத்தம் என்பதால் அந்தச் சிகிச்சையில் மட்டுமே தமக்குப் பங்கிருப்பதாக அவர் உணர்ந்திருந்தார். தொடர்ந்து கரு கலைந்த பெண்களிடம் நடந்து 1999இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், வெள்ளணு ஊசி பெற்றவர்களுக்குக் குழந்தை தங்கியது கூடவில்லை, குறைந்தே இருந்தது. அதன் பின் 2002இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆய்வுக்கு வெளியே அதைச் செய்யக்கூடாது என்றது. உடலில் பிரெட்னிசோலோனாகவே மாறும் பிரெட்னிசோன் குறித்தும், ஐ.வி.எஃப்.இல் கரு மீண்டும் மீண்டும் ஒட்டாத பெண்களிடம் சீனாவில் நடத்தி 2023இல் வெளியான பெரிய ஆய்வில் பயன் காணப்படவில்லை. குறைமாதப் பிரசவம் கூடியிருந்தது.

விந்துவைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐ.யு.ஐ., ஐ.வி.எஃப். இரண்டையும் தள்ளிவைத்தோம். 31 வயதில், முட்டை இருப்பு நன்றாக உள்ளவருக்கு, சில மாதம் சேர்ந்து வாழ்வதைவிட முதலில் செய்யத்தக்கது வேறில்லை. கணவரால் வேலையை விட முடியவில்லை, வீட்டுக்கடன் இருந்தது. விந்துவை உறையவைத்துவிட்டுப் போனால் அவர் இல்லாதபோதும் ஐ.யு.ஐ. செய்யலாம் என்ற வழியையும் சொன்னேன். அதை அவர்கள் விரும்பவில்லை. வருகை விசாவில் மனைவி அங்கே போய் இருப்பது என்று முடிவாயிற்று. ஊரைச் சேர்ந்த இன்னொரு குடும்பத்தோடு வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்தார் கணவர். ஆகஸ்ட் நடுவில் மனைவி திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினார். விமானச் சீட்டும் வாடகையும் சேர்ந்தும், முன்பு திட்டமிட்ட சிகிச்சைக்குக் கேட்ட தொகையில் சிறு பங்குதான் ஆயிற்று.

அவர் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்பினேன். கரு உறுதியானால் அன்றே தைராய்டு மாத்திரையை வாரத்துக்கு இரண்டு கூடுதலாகச் சாப்பிடத் தொடங்க வேண்டும் என்பது அதில் ஐந்தாவது வரி.

நவம்பர் 2023

மூன்றாவது சுற்றில் கரு தங்கியது. நவம்பர் முதல் வாரத்தில் செய்தி வந்தது; மூன்றாம் வாரத்தில் இரத்தக்கசிவு. ஏழு வார அளவில் ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லை. இரவு பதினொரு மணிக்கு அவரே அழைத்தார். பேசாமல் அழுதுகொண்டிருந்தார். பின் சொன்னது: “அந்த ரிப்போர்ட் சரிதான் டாக்டர்.”

இந்த நிகழ்வில் எல்லாரும் தடுமாறிய இடம் இதுவே, நானும் தடுமாறினேன். உறவினர் ஒருவர் வழியாக இன்ட்ராலிப்பிட், ஹெப்பாரின் பேச்சு மீண்டும் வந்தது. டிசம்பரில் அவர் ஊர் திரும்பியதும் மாமியாரையும் கூட வைத்துக்கொண்டு பேசினேன். தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் பாதியளவு, குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிழையால் கலைபவை. அந்தப் பிழை பெரும்பாலும் முட்டை முதிரும்போதோ கரு உருவாகும்போதோ நேர்வது. கலைந்த திசுவைச் சோதித்திருந்தால் உறுதியாகச் சொல்லியிருக்கலாம். அங்கே அதற்கு வழியிருக்கவில்லை. பத்து வாரத்துக்கு முன் நேர்ந்த ஒரே கலைப்பு, எதிர்ப்பொருள்கள் எதிர்மறை. இந்த நிலையில் ஹெப்பாரினுக்கு இடமில்லை. அதோடு, ஐந்தாண்டாகக் கரு தங்காது என்று நம்பியிருந்த உடலில், முறையாகச் சேர்ந்து வாழ்ந்த மூன்றாம் சுற்றிலேயே தங்கியிருக்கிறது. இதை நான் ஆறுதலாகச் சொல்லவில்லை, மருத்துவச் சான்றாகவே சொன்னேன். அவர் அதை அன்று ஏற்கும் நிலையில் இல்லை.

கலைந்த வாரத்தில் அங்கே எடுத்த டி.எஸ்.எச். 4.6 என இருந்தது. கரு உறுதியான அன்றே மாத்திரையைக் கூட்டச் சொன்ன வரியை அவர் பார்த்திருந்தார். ஆனால் அங்குள்ள மருத்துவரைக் கேட்காமல் கூட்டலாமா என்று தயங்கி, சந்திப்புக்குப் பத்து நாள் காத்திருந்திருக்கிறார். கலைப்புக்கு அது காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று. அந்த வரியைத் தாளின் ஐந்தாம் இடத்தில் எழுதியவன் நான். மருந்தை 75 மைக்ரோகிராமாக உயர்த்தினேன்.

இரண்டாவது கர்ப்பம்

2024 ஜூனில் கணவர் இரண்டு மாத விடுமுறையில் வந்தார். ஜூலையில் கரு தங்கியது. கரு உறுதியான காலையே மாத்திரையைக் கூட்டிவிட்டுத்தான் என்னை அழைத்தார்.

ஆறாவது வாரத்தில் மீண்டும் இரத்தக்கசிவு. இதயத்துடிப்பு இருந்தது. முன்பு ஒருமுறை கரு கலைந்தவருக்கு இப்போதைய கர்ப்பத்தில் கசிவு ஏற்பட்டால், பிறப்புறுப்பு வழியாக வைக்கும் புரொஜெஸ்டிரோன் 400 மில்லிகிராம் தினமும் இருமுறை தருவதற்குப் பிரித்தானிய வழிகாட்டு நெறி 2021 முதல் இடமளிக்கிறது. அதைத் தொடங்கி 16 வாரம் வரை தந்தேன். ஸ்டீராய்டு, ஹெப்பாரின், இன்ட்ராலிப்பிட் எதுவும் தரவில்லை. அந்த வாரம் குடும்பத்தார் என்னைத் தினமும் அழைத்தார்கள். எதையாவது கொடுங்கள் என்று கண்ணீரோடு கேட்பவரிடம், பயன் நிறுவப்பட்டதை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மறுப்பது எளிதன்று. அந்த நெருக்கடியில் மற்ற மருத்துவர்கள் ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

26ஆம் வாரத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை தெரிந்தது, உணவுமுறையாலேயே கட்டுப்பட்டது. தைராய்டு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட்டது. 2025 மார்ச்சில், 38 வாரத்தில், சுகப்பிரசவத்தில் 2.7 கிலோ எடையுள்ள பெண் குழந்தை பிறந்தது.

இதில் எது பயன் தந்தது? தைராய்டு மருந்தா, புரொஜெஸ்டிரோனா, சேர்ந்து வாழக் கிடைத்த ஐந்து சுற்றுகளா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒன்று மட்டும் தெளிவு: 2024 ஜூலையில் நான் இன்ட்ராலிப்பிட் ஏற்றியிருந்தால், இதே குழந்தை அதன் வெற்றியாக எழுதப்பட்டிருக்கும், அடுத்து வரும் பத்துப் பேருக்கு நானும் அதை நம்பிக்கையோடு எழுதியிருப்பேன்.

மாற்றிக்கொண்டவை

குழந்தை வேண்டி வருபவர்களுக்கான எங்கள் படிவத்தில், திருமணமான ஆண்டுக்குக் கீழே, இருவரும் ஒரே வீட்டில் இருந்த மாதங்கள் எத்தனை என்ற வரி இப்போது இருக்கிறது. வெளிநாட்டிலோ ஆழ்கடல் மீன்பிடியிலோ இருப்பவர்களின் வீட்டில் அதை நாள்காட்டி வைத்துச் செவிலியரே நிரப்புகிறார். வேறிடத்தில் ஸ்டீராய்டு தொடங்கி வருபவர்களுக்கு, அவர்கள் என் கருத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், மருந்தைக் குறைக்கும் அட்டவணையை அறையை விட்டுப் போகும்முன் எழுதிக் கொடுக்கிறேன். தைராய்டு மாத்திரையைக் கூட்டும் அறிவுரை தனித் தாளில், பெரிய எழுத்தில், “யாரையும் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்” என்ற சொற்களோடு போகிறது.

வெளியிலிருந்து வரும் என்.கே. அறிக்கையைப் பார்த்தால், அதன் மதிப்பைப் பேசுவதற்கு முன், அந்தப் பெயரை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், அதனால் எதையாவது செய்யாமல் விட்டிருக்கிறார்களா என்று கேட்கிறேன். மனைவியிடம் தனியாகவே கேட்கிறேன்.

டி.பி.ஓ. எதிர்ப்பொருள் உள்ள தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் தைராய்டு அழற்சி வரும் வாய்ப்பு கூடுதல். ஆறாம் வாரத்தில் இவருடைய டி.எஸ்.எச். 1.9, மருந்து மீண்டும் 50 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட்டது. கர்ப்பகாலச் சர்க்கரைக்காக அன்றே செய்த குளுக்கோஸ் சோதனை இயல்பாக இருந்தது. அடுத்த சோதனைகளுக்கான நாள்களைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த அட்டையைத்தான் அவர் மறக்காமல் எடுத்துவருகிறார்.